இருக்கட்டும், போகட்டும்

கடைசி ஆட்டமும் தோற்ற இரவு
கல்லாவுக்குப் பக்கத்தில் இரண்டு ஊறுகாய் ஜாடிகளை வைத்தேன்.
ஒன்றில் ‘இருக்கட்டும்’,
மற்றதில் ‘போகட்டும்’.
பீர் மூடிதான் வாக்குச்சீட்டு.
கள்ள ஓட்டுப் போட விரும்புகிறவர்
இன்னொரு பாட்டில் வாங்கிக்கொள்ளலாம்.
வியாபாரத்துக்கும் நல்லது.

பிராண்ட்வோல்ட், எங்கள் ஹெரான்ஸ் அணியின் பொது மேலாளர்.
பத்தொன்பது வருஷம்.
இந்த ஈரி ஏரிக்கரையில்
கூரைகூட அவ்வளவு நாள் தாங்காது என்கிறான்
கூரை போடும் ஸ்டாஷ்,
‘போகட்டும்’ ஜாடியில் மூன்றாவது மூடியைப் போட்டபடி.
அவனுக்கு எலிசியோ மத்தாவை இழந்த துக்கம்.
இருபத்தொரு வயது ஷார்ட்ஸ்டாப்,
பந்து மட்டையில் படுமுன்பே நகர்ந்துவிடும் கால்கள்.
அவனைக் கொடுத்துவிட்டு,
முழங்கையில் இரண்டு முறை கத்தி வைத்த
ஒரு பந்துவீச்சாளனை வாங்கினார் பிராண்ட்வோல்ட்.
வந்தவன் பதினோரு ஆட்டம் வீசினான்.
போனவன் இன்று வேறொரு ஊரில்
பேருந்துகளின் முதுகில் சிரிக்கிறான்,
பற்பசை விளம்பரத்துக்காக.

பள்ளிப் பேருந்து ஓட்டும் ஆர்லீன் விடமாட்டாள்:
“அந்த ஒரு அக்டோபரை யார் கொடுத்தது?”

அந்த ஒரு அக்டோபர்.
பதின்மூன்றாவது இன்னிங்ஸ்.
யாரும் விலை கேட்காமல் கிடந்த
முப்பத்தாறு வயது பெக்கோரா
மழையில் அடித்த பந்து
வலது வேலிக்கு மேலே இருட்டுக்குள் போனது.
இந்த பாரில் நான்கு ஸ்டூல் உடைந்தன.
ஒன்றை உடைத்தது நான்.
பெக்கோராவைக் கண்டெடுத்தது அவர்தான், ஒப்புக்கொள்கிறேன்.
ஆனால் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் சாப்பிட்ட விருந்துக்கு
இன்னும் எத்தனை நாள் ஏப்பம் விடுவது?

நல்லவர் இல்லை என்று யாரும் சொல்லவில்லை.
டிக்கெட் கிழிக்கும் டெல்பர்ட்டின் மனைவி இறந்தபோது
கடைசி வரிசையில் வந்து நின்றார்,
கேமரா இல்லாமல், கோட்டில் பனியோடு.
அதற்கும் இடதுகைப் பந்துவீச்சாளன் ஒருவன்கூட இல்லாமல்
சீசனைத் தொடங்கியதற்கும் என்ன சம்பந்தம்?
ஒன்றும் இல்லை.
கையில் மூடி இருக்கும்போது மட்டும்
எப்படியோ சம்பந்தம் வந்துவிடுகிறது.

எண்ணலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.
நேற்று தபால்காரர் குவாபில்
நாலாவது பாட்டிலில் கண் கலங்கி
“போகட்டும் விடு, மனுஷன்தானே” என்று
‘போகட்டும்’ ஜாடியில் போட்டார்.
மன்னிப்பை எந்தக் கணக்கில் சேர்ப்பேன்?
அதற்கு முந்தைய வாரம் ஆர்லீனே,
மத்தாவின் புது ஒப்பந்தத் தொகையைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு,
“இருக்கட்டும், இருக்கட்டும்” என்று
பல்லைக் கடித்துக்கொண்டு போட்டாள்.
அது ஆதரவு மாதிரி கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஒப்பந்தம் முடிகிறது.
முடிவெடுக்கும் குடும்பம் புளோரிடாவில், வெயிலில்.
அவர்களிடம் ஜாடி கிடையாது.

இன்று ஒரு மணிக்குக் கடையைப் பூட்டி வெளியே வந்தேன்.
எதிரே மைதானத்தின் வாகன நிறுத்தத்தில் ஒரே ஒரு ஆள்,
கார்க் கண்ணாடியில் உறைந்த பனியை
தன் புகைப்படம் போட்ட நுழைவு அட்டையால் சுரண்டிக்கொண்டு.
இந்த ஊரில் பத்தொன்பது குளிர்காலம்.
ஒரு பனிச்சுரண்டி வாங்கி வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.
ஸ்டாஷ் பார்த்திருந்தால்
வாயில் சிகரெட் நின்றிருக்காது.

என்னுடையதைக் கொடுத்தேன்.
முடித்ததும் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்று,
“ஏப்ரலில் திருப்பித் தருகிறேன்” என்றார்.
சிரித்தாரோ என்னவோ,
மூச்சு புகைந்து முகத்தை மறைத்தது.

அவர் கார் திரும்பிப் போன பிறகுதான்
என் காரைப் பார்த்தேன்.
ஏப்ரன் பையில் ஒரு மூடி இருந்தது,
ஐந்து வாரமாக நான் போடாத வாக்கு.
அதன் பல்விளிம்பால்
ஒரு கையகலம் சுரண்டினேன்.
அது போதுமாக இருந்தது,
மெதுவாக ஓட்டினால்.